ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: பழைய கம்ப்யூட்டரை எங்கிருந்து பார்க்க வேண்டும்?

(காட்சி: மேசைமேல் பக்கத் தகடு கழற்றிய சிபியு. விரல் பட்டனை அழுத்துகிறது. ஃபேன் சுற்றுகிறது. மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது.)

வணக்கம். ஃபேன் சத்தம் கேட்கிறது, முன்பக்க விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.

குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் மெஷின் இது. டிடிஆர்3 என்ற பழைய வகை ராம் (தற்காலிக நினைவகப் பலகை) போட்ட காலத்து மெஷின். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் இதில்தான் அடிக்கிறார். ஊருக்குப் போக வேண்டி வந்ததால் மெயினை அணைத்துவிட்டுப் பத்து நாள் கடையைப் பூட்டியிருக்கிறார். திரும்பி வந்து ஆன் செய்தால் இந்த நிலை. பார்த்த ஒருவர், "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டாராம். அக்கா நம்பவில்லை. துணியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு காட்பாடிக்கு என்னிடம் எடுத்து வந்துவிட்டார்.

போர்டு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டு, போச்சு என்பது எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் காசே ஆகாது.

பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லையா? அப்படியானால் சுவரிலிருந்து தொடங்குங்கள். அந்த பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனைப் போட்டுப் பாருங்கள். சிபியுவின் பின்னால், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் இருக்கும் சின்ன சுவிட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பக்கப் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் போடுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் எஸ்எம்பிஎஸ் முரண்டு பிடித்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

(காட்சி: போர்டின் அருகில் கேமரா.)

நம் மெஷினில் ஃபேன் சுற்றுகிறது, ஆகவே கரண்ட் வருகிறது. இங்கே பிராசசர் பக்கத்தில் நான்கு முள் வைத்த சின்ன பிளக் தெரிகிறதா? பிராசசருக்கான 12 வோல்ட் இதன் வழியாகத்தான் போகிறது. இது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், திரை வராது. இதில் உறுதியாகவே இருக்கிறது. போர்டில் குட்டி உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களையும் ஒரு பார்வை பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் உண்மையான போர்டு கோளாறு. இதில் எல்லாம் தட்டையாகவே இருக்கின்றன.

அடுத்து ராம். பழைய மெஷினில் திரை வரவில்லை என்றால் என் கை முதலில் போவது இங்கேதான். கேபிளைப் பிடுங்கிவிட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்க கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி ராமை வெளியே எடுக்கிறேன்.

(காட்சி: ராமின் தங்கநிற விளிம்பு.)

இந்தத் தங்கநிறக் கோடுகள் மங்கலாக இருக்கின்றன. நம் ஊர்த் தூசியும், கடையில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து வரும் டோனர் தூளும் சேர்ந்து இங்கே படிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பர் போதும். மெதுவாக, கோடுகளின் நீளவாக்கிலேயே தேயுங்கள். ரப்பர் துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்குள்ளும் பிரஷ் விடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். இப்போது ஒரே ஒரு ராமை மட்டும் போடுகிறேன். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் போட்ட ராம்தான் பலருடைய தலைவலிக்குக் காரணம்.

உங்கள் போர்டில் பஸ்ஸர் இருந்தால் பீப் சத்தத்தையும் கவனியுங்கள். மெஷினை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்தான் பயாஸ். அதில் அவார்ட் என்ற வகையில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே பக்கம் கோளாறு. நீளமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் ராம். மற்ற பயாஸ்களில் கணக்கு மாறும்.

(காட்சி: மானிட்டரில் எழுத்துகள்.)

வந்துவிட்டது! ஆனால் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதியோ ஒரு பழைய ஜனவரி 1. இதற்குக் காரணம், தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காக்கும் சிமாஸ் பேட்டரி. போர்டில் நாணயம்போல் இருக்கும் இந்த சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது எப்போதோ தீர்ந்திருக்கும். பிளக்கில் இருந்தவரை எஸ்எம்பிஎஸ் தரும் ஸ்டாண்ட்பை கரண்ட் பயாஸ் செட்டிங்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்த பத்து நாளில் எல்லாம் அழிந்துவிட்டது. புது பேட்டரியை, பிளஸ் பக்கம் மேலே தெரியும்படி போட்டு, தேதியைச் சரிசெய்கிறேன். தேதியை அப்படியே விட்டால் பிரவுசரில் பல தளங்கள் 'பாதுகாப்பு இல்லை' என்று திறக்க மறுக்கும்.

விண்டோஸ் லோகோ வந்தது... நீலத் திரை. மறுபடி ரீஸ்டார்ட். இந்த இடத்தில்தான் பலரும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். பிழை எண்ணின் கடைசியில் 7பி என்று இருக்கிறது. பூட் டிஸ்கை விண்டோஸால் தொட முடியவில்லை என்று அர்த்தம். செட்டிங் அழிந்தபோது பயாஸில் சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. இந்த விண்டோஸ் போட்டபோது ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில் இருந்திருக்கும். மாற்றுகிறேன், எஃப்10 அழுத்திச் சேமிக்கிறேன்.

(காட்சி: டெஸ்க்டாப், நிறைய ஃபோல்டர்கள்.)

அக்காவின் ஃபோல்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

தகடு திறந்திருக்கும்போதே பிராசசர் ஃபேனையும் பார்த்துவிடலாம். நம் வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். ஆன் ஆகி இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்தால், பிராசசரின் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கைப் பாருங்கள். இன்டெல் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று தூக்கியிருந்தாலே சூடு ஏறிவிடும். இதில் நான்கும் சரி. ஆனால் பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோலக் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.

ஹார்ட் டிஸ்க்கில் காதை வைத்துக் கேட்டேன். சீரான ஓட்டம்; 'டக் டக்' என்று இடிக்கும் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் வேறெதையும் செய்யாமல் முதலில் காப்பி எடுங்கள். கேட்காவிட்டாலும் பழைய டிஸ்க் என்பதால் நான் இப்போது காப்பி போட்டிருக்கிறேன். நாளைக் காலை அக்கா வருவதற்குள் முடிந்துவிடும்.