கிரெமோனாவுக்கு ஒரு நாள்

வணக்கம் நேயர்களே. ஐரோப்பாவில் இசைக்குப் பேர்போன ஊர் எது என்று கேட்டால் பாதிப் பேர் வியன்னா என்பார்கள், மீதிப் பேர் சால்ஸ்பர்க் என்பார்கள். அழகான ஊர்கள்தான், மறுக்கவில்லை, ஆனால் கூட்டம் தாங்காது. இன்று நான் பேசப்போவது கிரெமோனாவைப் பற்றி. இத்தாலியின் வடக்கே, போ ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். மிலானிலிருந்து சாதாரண ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

தனியாகப் போவது நல்லது. ஏனென்றால் இங்கே பார்க்க வேண்டியது வயலின் செய்யும் பட்டறைகளை. கூட ஆள் இருந்தால் ஒரு பட்டறை ஜன்னல் முன்னால் கால் மணி நேரம் சும்மா நிற்க விடமாட்டார்கள், ‘போதும் வா, பசிக்குது’ என்று இழுப்பார்கள்.

இன்று நாம் பார்க்கிற வயலினின் வடிவத்தை 16ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர் இந்த ஊர்க்காரரான ஆந்திரேயா அமாட்டி. அவர் வழியில் வயலின் செய்ய வந்தவர்கள்தான் ஸ்ட்ராடிவாரியும் குவார்னேரி குடும்பமும், பெரும்பாலோர் நடந்தே போய்விடக்கூடிய சில தெருக்களுக்குள் வாழ்ந்தவர்கள். ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார், அப்போது வயது தொண்ணூறுக்கு மேல், கடைசி வரைக்கும் வேலையை விடவில்லை. இன்றும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2012இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் நின்று பார்த்த பட்டறையில் ஒருவர் கட்டைவிரல் அளவே இருந்த இழைப்புளியால் ஒரு பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் சுரண்டுவார், நம் ஊரில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார், திருப்தியில்லை, மறுபடி சுரண்டுவார். மேல்பலகைக்கு ஆல்ப்ஸ் மலையின் ஃபியெம்மே பள்ளத்தாக்கு ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகைக்குப் பெரும்பாலும் பால்கன் பக்கத்து மேப்பிள். வெட்டிய மரத்தை வருஷக்கணக்கில் காயவைத்த பிறகுதான் உளி வைப்பார்கள். ஒரு வயலின் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும், விலையும் பல ஆயிரம் யூரோ, அதனால் ‘எவ்வளவு?’ என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள்.

அப்புறம் 2013இல் திறந்த வயலின் அருங்காட்சியகம். அமாட்டி, குவார்னேரி, ஸ்ட்ராடிவாரி செய்த கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், ஆனால் பூட்டி வைத்து மறந்துவிடவில்லை, அவ்வப்போது வெளியே எடுத்து வாசிக்கிறார்கள். வாசிக்காத கருவியின் குரல் மங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கேயே இருக்கும் அரங்கத்தில் சில நாட்களில் சின்னக் கச்சேரி உண்டு, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி ரயில் பிடியுங்கள்.

அந்த அரங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2019 தொடக்கத்தில், இந்தப் பழைய கருவிகள் ஒரு காலத்தில் வாசிக்க முடியாமல் போய்விடுமே என்ற கவலையில், இரண்டு வயலின், அதே குடும்பத்துப் பெரிய கருவிகளான ஒரு வயோலா, ஒரு செல்லோவின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பதிவு செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், வெளியே கல் பாவிய தெருவில் கார் போனாலும், யாராவது குதிகால் செருப்போடு நடந்தாலும் அந்த அதிர்வு மைக்கில் விழுந்துவிடும். மேயர் சுற்றியுள்ள தெருக்களில் போக்குவரத்தை நிறுத்தி, சத்தம் போடாதீர்கள் என்று ஊரையே கேட்டுக்கொண்டார், அரங்கத்துக்குள் ரீங்காரம் இடும் மின்விளக்குகளைக்கூடக் கழற்றினார்கள். இப்படி ஐந்து வாரம்! கல்யாண மண்டபத்துக் கச்சேரி கேட்டு வளர்ந்த எனக்கு இதை நம்பவே நேரம் பிடித்தது.

நம் கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முதல் பெயர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். அடுத்து தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, அவருக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து, வயலினின் நுனியைக் காலில் சாய்த்து வாசிக்கும் முறை நம்முடையது, ஆனால் கருவியின் வடிவம் அந்தக் கிரெமோனாக்காரர்கள் வகுத்ததுதான். நான் அந்த ஊரைத் தேடிப் போனதே அதற்காகத்தான்.

நேரம் மிச்சமிருந்தால் பேராலயத்தின் பக்கத்தில் இருக்கும் டொராட்சோ என்கிற செங்கல் மணிக்கோபுரத்தில் ஏறலாம், 502 படி, 112 மீட்டர் உயரம், முழங்கால் வலி இருந்தால் கீழேயே நின்று 16ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். சாப்பிடுவதற்கு டொரோனே வாங்குங்கள், தேனும் பாதாமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த மிட்டாய், பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொஸ்தார்தா என்று பழத்தைக் கடுகுக் காரத்தோடு பாகில் ஊறவைத்துத் தருவார்கள், எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்குப் பிடிக்கலாம்.

திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அருங்காட்சியகம் மூடியிருக்கும். நன்றி, வணக்கம்.