புகார் தாளில் ஏறினால்தானே எண்ணிக்கை?

[திரையில்: 4,392]

1950 முதல் 2002 வரை, அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் சிறார் பாலியல் கொடுமைப் புகாருக்கு ஆளான குருக்கள் 4,392 பேர். பணியில் இருந்தவர்களில் ஏறத்தாழ 4 சதவீதம். 2004-இல் நியூயார்க்கின் ஜான் ஜே குற்றவியல் கல்லூரி வெளியிட்ட ஆய்வு இது.

இந்த எண்ணை எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. மறைமாவட்டங்கள், அதாவது ஒவ்வோர் ஆயரின் கீழும் உள்ள திருச்சபை நிர்வாகங்கள், தங்கள் கோப்புகளைப் புரட்டி, தாங்களே நிரப்பிக் கொடுத்த படிவங்களிலிருந்து வந்தது. ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டும், கேட்டவர் எழுதிவைக்க வேண்டும், அந்தத் தாளும் பத்திரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்கில் வரும்.

[திரையில்: ஜெர்மனி, 2018]

எல்லாத் தாளும் பத்திரமாக இல்லை. ஜெர்மனியின் கத்தோலிக்கத் திருச்சபையில் 38,156 கோப்புகளைப் பார்த்த ஆய்வுக்குழு, பாதிக்கப்பட்ட 3,677 சிறார்களைக் கண்டறிந்தது. சில ஆவணங்கள் அழிக்கப்பட்டதற்கும் திருத்தப்பட்டதற்கும் தடயங்கள் இருப்பதாகச் சொன்னது.

பிரான்ஸில் கத்தோலிக்கத் திருச்சபையில் நடந்ததை விசாரித்த ஆணையம் கோப்புகளோடு நிற்கவில்லை. பொதுமக்கள் சுமார் 28,000 பேரிடம் நேரடியாகக் கேட்டது. 2021-இல் வந்த மதிப்பீடு: 1950-க்குப் பிறகு குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்டவர்கள் 2,16,000 பேர். 50,000 கூடலாம், குறையலாம். தாமாக ஆணையத்தைத் தேடி வந்தவர்களோ சில ஆயிரம் பேர்தான்.

[திரையில்: 23.9 ஆண்டுகள்]

ஏன் இவ்வளவு இடைவெளி? நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், பாதிக்கப்பட்ட 8,000-க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டது. சத்தியப்பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அவர்கள் முதன்முதலில் யாரிடமாவது சொல்வதற்கே சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. எட்டு வயதில் நடந்தது, முப்பதைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. பெற்றோர் கும்பிடும் ஒருவரைப் பற்றி எந்தப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும்?

சொன்னாலும் விதி குறுக்கே நிற்கும். அதே ஆணையம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கோப்புகளைக் கேட்டு வாங்கியது. 1950 முதல் 1,006 பேர்மீது குற்றச்சாட்டுகள். ஒன்றையாவது அமைப்பு காவல்துறைக்குக் கொண்டுபோனதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குற்றவாளி ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அவர்கள் விதி. பூட்டிய அறைக்குள் நடக்கும் குற்றத்துக்கு இரண்டாவது சாட்சி யார்? இது விதியா, கேடயமா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

[திரையில்: 38 அமைப்புகள்]

பெரிய ஆய்வுகளில் பல கத்தோலிக்கத்தைப் பற்றியே இருப்பதால், மற்ற மதங்களில் இது இல்லை என்று நினைக்க வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் தாள்கள் இருந்தன, ஆணையங்கள் கேட்டு வாங்கின. சிறார் பாலியல் கொடுமை பற்றிய இங்கிலாந்து-வேல்ஸ் பொது விசாரணை இந்து, இஸ்லாம், யூதம், சீக்கியம் உட்பட 38 மத அமைப்புகளைப் பார்த்தது. உண்மையான அளவை அறிய வழியே இல்லை என்றது அதன் 2021 அறிக்கை.