பரிசோடு சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பள்ளிகளில் ஆண்டு விழாக்கள் தொடங்கும் காலம் இது. படிப்பிலும் கலையிலும் விளையாட்டிலும் தொண்டிலும் சிறந்து விளங்கும் மாணவர்களைப் பாராட்டுவது குறித்துப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு, இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. மாணவருக்கு நாம் எந்தப் பரிசைக் கொடுத்தாலும், அவர் என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பதை ஊரார் முன்னிலையில் இரண்டு வாக்கியங்களிலாவது சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்கள் இல்லாத பாராட்டு பாதிப் பாராட்டுதான்.

நம் ஆண்டு விழாக்களில் பரிசளிப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து, பிள்ளைகளின் நடன நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் பரிசுப் பட்டியல் கைக்கு வரும். வருகைப் பதிவேட்டை வாசிப்பது போல ஆசிரியர் பெயர்களை வாசிப்பார். பிள்ளைகள் வரிசையாக ஏறி, எவர்சில்வர் டிபன் பாக்ஸையோ கேடயத்தையோ வாங்கி, புகைப்படக்காரர் சொல்லும் பக்கம் ஒரு நொடி திரும்பி நின்றுவிட்டு இறங்குவார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குத் தம் பிள்ளை ஏதோ பரிசு வாங்கியது தெரியும். எதற்காக வாங்கியது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவர் கேட்டால், "ஏதோ போட்டியாம்" என்றுதான் அவர்களால் சொல்ல முடியும்.

மதிப்பெண்ணுக்கு மட்டும் நாம் ஒருநாளும் இப்படி நேரக்குறை வைத்ததில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் பெற்றவர்களின் வீட்டு வாசலில் கேமராக்கள் நின்ற காலம் நமக்கு நினைவிருக்கும். 2017-ஆம் ஆண்டு மே மாதம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வெளியாவதற்குச் சற்று முன்னர், இனி மாநில, மாவட்ட அளவிலான இடங்கள் அறிவிக்கப்பட மாட்டா என்று தமிழக அரசு முடிவு செய்தது. ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததற்காகத் தலை கவிழ்ந்து நின்ற நல்ல மாணவர்களைக் கண்டவன் என்பதால், அந்த முடிவை நான் மனமார வரவேற்றேன். ஆனால் காலியான அந்த இடத்தில் எதை வைப்பது என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. இன்றும் சாலையோர விளம்பரப் பதாகைகளில் மாணவர் முகத்தின் கீழே எண்கள்தாம் இருக்கின்றன. அந்த மாணவருக்கு எதில் ஆர்வம், யாருக்கு அவரால் நன்மை என்ற செய்தி அங்கே இல்லை.

செய்த செயலைச் சொல்வது என்று நான் கூறுவதற்கு, திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவர் பெற்ற சிறப்புகளை அடுக்கினால் பட்டியல் நீளமானது. 2019-இல் அப்துல் கலாம் பெயரிலான இக்னைட் விருது, 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு, 2021-இல் பிரிட்டிஷ் இளவரசர் வில்லியம் தொடங்கிய, சுற்றுச்சூழலுக்கான எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று, அதைத் தொடர்ந்து கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் உரை. இவ்வளவையும் கேட்டு முடித்த ஒரு மாணவருக்கு மலைப்புத்தான் மிஞ்சும். "அது எங்கோ இருப்பவர்களுக்கு" என்று எண்ணிவிடுவார்.

பட்டியலை ஒதுக்கிவிட்டு, அந்தச் சிறுமி கண்டதைச் சொல்லிப் பாருங்கள். அவருடைய தெருவில் துணி தேய்த்துக் கொடுப்பவர் ஒருவர், மற்ற ஊர்களில் இருப்பதைப் போலவே, தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் தொழில் செய்துவந்தார். வேலை முடிந்ததும் பெட்டியைத் திறந்து, எரிந்த கரியைத் தரையில் கொட்டி ஆறவிடுவார். நாம் எல்லோரும் ஆயிரம் முறை பார்த்துக் கடந்துபோன காட்சி இது. பன்னிரண்டு வயதுச் சிறுமி அங்கே நின்று, இந்தக் கரி எங்கிருந்து வருகிறது, இதற்கு எத்தனை மரம் போகிறது, இந்தப் புகை யாருடைய நெஞ்சுக்குள் செல்கிறது என்று கேட்டார். ஒரு வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கரி செலவாகிறது என்றும், நாடெங்கும் இத்தகைய வண்டிகள் ஏராளம் என்றும் கணக்குப் பார்த்தபோது, தெருமுனையில் தொடங்கிய கேள்வி பெரிதாகிவிட்டது.

அதன் பிறகு செய்தவைதான் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பும் பகுதி. தம் வகுப்புப் பாடத்துக்கு மேற்பட்ட இயற்பியல் நூல்களைத் தேடிப் படித்து, வண்டியின் கூரையில் சூரியத் தகடுகளும் உள்ளே பேட்டரியும் கொண்ட ஓர் அமைப்பை அவர் வரைந்தார். நல்ல வெயிலில் 5 மணி நேரம் மின்னேற்றினால் 6 மணி நேரம் துணி தேய்க்கலாம் என்பது அதன் கணக்கு. தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் அதை முழு அளவு மாதிரி வண்டியாக்கிக் கொடுத்தார்கள். அதே வண்டியில் கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதியையும் ரீசார்ஜ் செய்துகொடுக்கும் வசதியையும் சேர்த்ததில்தான் அந்தப் பெண்ணின் மனம் எனக்கு விளங்குகிறது. காற்று தூய்மையானால் மட்டும் போதாது, வண்டிக்காரருக்கு நாலு காசு கூடுதலாகவும் கிடைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அறிவியல் ஆர்வமும் பிறருக்கான தொண்டும் அவரிடம் தனித்தனியாக இருக்கவில்லை.

எர்த்ஷாட் பரிசில் அவர் போட்டியிட்ட தூய காற்றுப் பிரிவின் பரிசு வேறொரு இந்தியக் குழுவுக்குச் சென்றது. வென்றவர் பெயரை மட்டும் வாசிப்பது என்ற நம் வழக்கத்தைப் பின்பற்றினால் வினிஷாவைப் பற்றி அந்த இடத்தில் சொல்ல ஒன்றுமில்லை. செய்ததைச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில், வறுத்த முந்திரிக்குப் பெயர்போன ஆதனக்கோட்டையைச் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவி ஒருவர் 2019-ஆம் ஆண்டில் இணையவழிப் போட்டி ஒன்றில் வென்று, அமெரிக்காவின் நாசா விண்வெளி மையத்தைப் பார்த்துவரும் வாய்ப்பைப் பெற்றார். பயணச் செலவைத் திரட்டுவது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. செய்தியை அறிந்து பலர் உதவினார்கள்; தேவையான தொகையும் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்து, வேறென்ன வேண்டும் என்று கேட்டது. அவர் தமக்கென்று எதையும் கேட்காமல், தம் ஊரில் கழிப்பறை இல்லாத வீடுகளுக்குக் கழிப்பறை கட்டித் தருமாறு கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. இருட்டில் பெண்கள் ஒதுக்குப்புறம் தேடிப் போவதன் துன்பம், அதை நாள்தோறும் அறிந்த பெண்ணுக்குத்தான் முதலில் நினைவுக்கு வரும். நாசா போட்டியில் வென்றது சாதனை. வாய்ப்பு வந்தபோது ஊரை நினைத்தது அதைவிடப் பெரிய சாதனை என்பது என் எண்ணம். பள்ளிகளில் முதலாவதைப் பாராட்டுவதற்குச் சான்றிதழ் உண்டு. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை.

தனிப்பட்ட ஆர்வம் குறித்தும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதைப் படிப்பின் பகையாகவே பார்க்கிறோம். 2022 மே மாதம், சென்னை மாணவர் பிரக்ஞானந்தா இணையவழியில் நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் சதுரங்கப் போட்டியின் அரையிறுதியில் நெதர்லாந்து வீரர் அனிஷ் கிரியை வென்று இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். ஆட்டம் முடிந்தபோது இங்கே மணி நள்ளிரவு 2. காலை 8.45-க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், பதினோராம் வகுப்புத் தேர்வு இருக்கிறது என்று பேட்டியில் அமைதியாகச் சொன்னார். இறுதியில் சீன வீரர் டிங் லிரெனிடம் தோற்றார் என்பது வேறு. இப்படி ஒரு பிள்ளை இரண்டையும் சுமக்க முடிகிறதென்றால், வருகைப் பதிவில் விட்டுக்கொடுத்தும் தேர்வுக்குத் துணைநின்றும் ஒரு பள்ளியும் ஒரு குடும்பமும் பின்னால் நிற்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் சதுரங்க மேதைகள் ஆக மாட்டார்கள். ஆனால் சிலம்பம் சுற்றுகிற பையனுக்கும் பறவைகளின் பெயர்களை நோட்டில் எழுதிவைக்கும் பெண்ணுக்கும் அந்தத் துணை தேவைப்படுகிறது. 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் சென்று கலையரசன், கலையரசி என்று விருது தந்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த பல பிள்ளைகள் முதன்முறையாக மேடையின் நடுவில் நின்றார்கள். அதற்காகவே அந்த விழாவின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

சமூகத் தொண்டுக்கு வருவோம். சாரணர் இயக்கம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, 1969-இல் தொடங்கி இன்று மேல்நிலைப் பள்ளிகளிலும் நடைபெறும் நாட்டு நலப்பணித் திட்டம் எனப் பல வழிகள் இருக்கின்றன. நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில், குளக்கரையில் முள்வெட்டிச் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட மாணவர்களிடம் உண்டாகும் நெருக்கத்தை வகுப்பறை தந்து நான் பார்த்ததில்லை. ஆனால் பாராட்டு இந்த அமைப்புகளோடு நின்றுவிடக் கூடாது. அமைப்பில் செய்யும் தொண்டுக்குப் பதிவேடு இருக்கிறது. பதிவேடு இல்லாத தொண்டு வெளியே நிறைய நடக்கிறது.

என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணைப் பற்றி வங்கி ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள் சம்பளம் எடுக்க வங்கிக்கு வரும்போது, பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பத் தெரியாமல் யாரையாவது எதிர்பார்த்து நிற்பார்கள். பள்ளி விடுமுறை நாட்களில் இந்தப் பெண் பாட்டியோடு வங்கிக்கு வருவாள். வந்தால் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பாள். கணக்கு எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பாள். எவ்வளவு தொகை எழுதியிருக்கிறது என்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வைக்கச் சொல்வாள். அவளுடைய மதிப்பெண்கள் நடுத்தரமானவை. எந்தப் போட்டியிலும் அவள் பெயர் வந்ததில்லை. அந்த ஆண்டு விழாவில் இந்தச் செயலை மட்டும் சொல்லி அவளை மேடைக்கு அழைத்தோம். படிவத்தை வாசித்துக் காட்டிய செய்தியைச் சொன்னதும், பின்வரிசையில் இருந்த பெண்கள் சிலர், "ஆமா, ஆமா, அந்தப் பிள்ளைதான்" என்று சத்தமாகச் சொன்னார்கள். அன்று அந்த மேடையில் வேறு எந்தப் பரிசுக்கும் இவ்வளவு சாட்சிகள் இருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையைப் பாராட்டும்போது, அப்பா விட்டுப் போனது, அம்மாவின் நோய், வீட்டின் ஓலைக்கூரை என்று எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறோம். இரக்கத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் தோழர்கள் முன்னால் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வறுமை அந்தப் பிள்ளையின் சாதனை இல்லை. அவர் செய்த வேலையைச் சொன்னால் போதும். வீட்டு நிலையைச் சொல்ல வேண்டுமானால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவுக்குச் சொல்லலாம். அதுபோல, தொண்டு செய்யும் கையைவிடக் கேமராவைப் பார்க்கும் முகம் முக்கியமாகிவிட்டால், பிள்ளைகள் சான்றிதழ் கிடைக்கும் இடத்தில் மட்டும் தொண்டு செய்யக் கற்றுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் நடைமுறையில் எப்படிச் செய்வது என்று ஆசிரியர்கள் கேட்கலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியவரும் நல்ல செய்தியை நாளிட்டு ஓரிரு வரியில் எழுதுங்கள். அஞ்சல்காரர், சத்துணவு அமைப்பாளர், கிராமச் செவிலியர், நூலகர், பேருந்து நடத்துநர் ஆகியோரிடம் விசாரியுங்கள். பள்ளிக்கு வெளியே பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் அவர்கள்தாம். சக மாணவர்களையும் கேளுங்கள். யார் யாருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், காய்ச்சலில் படுத்த தோழனுக்கு யார் நோட்டு எழுதிக் கொடுத்தார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வாக்கியம் எழுதி, வாசிப்பவர் ஒருமுறை ஒத்திகை பார்க்கட்டும். நாற்பது பேருக்குச் சொன்னாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்துக்காகச் சிறப்பு விருந்தினர் உரையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். சிறப்பு விருந்தினராகப் பலமுறை சென்றவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

வாசித்த அந்த இரண்டு வாக்கியங்களையும் நல்ல கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியர் கையொப்பமிட்டு, பரிசோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோராக இருந்தால், அன்று இரவு அந்தப் பிள்ளையே அதை வீட்டில் வாசித்துக் காட்டும்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட நேயர்களுக்கும் நன்றி. வணக்கம்.