ஆரத்தித் தட்டும் சோப்புக் கட்டியும்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர், மஞ்சள் தூள், அதில் துளி சுண்ணாம்பு. கண்ணெதிரே தண்ணீர் சிவந்துவிடும். 11 வருடமாக வீட்டில் சோப்பு செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டுதான் ஞாபகம் வரும். சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டால் செடியிலிருந்து எடுத்த நிறம் மாறும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் கலந்து வேறொரு பொருளாக ஆவது. சோப்பில் காரம் என்றால் காஸ்டிக் சோடா. "இயற்கை சோப்பில் அது எதற்கு?" என்று கேட்பார்கள். அது இல்லாமல் கட்டி சோப்பே கிடையாது. உருக்கி வார்க்கக் கடையில் வாங்கும் கட்டியில்கூட யாரோ முன்பே சேர்த்திருக்கிறார்கள். சரியாக அளந்தால் எண்ணெய் அதை முழுக்கத் தின்றுவிடும். அளவு எண்ணெய்க்கு எண்ணெய் வேறு. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக்கைத் தின்னும்; நல்லெண்ணெய் 135 கிராம் பக்கம்தான். அந்தக் கணக்கில் நான் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தே போடுவேன், கொஞ்சம் எண்ணெய் தோலுக்கு மிச்சமிருக்கட்டும் என்று. டம்ளர் அளவு வேண்டாம், தராசு வேண்டும். காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், பொங்கித் தெறிக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்துவிடும், எவர்சில்வர்தான் சரி. குழந்தைகள் பக்கத்தில் வரவே கூடாது.

சரி, நிறத்துக்கு வருகிறேன். அக்கா மகளின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கு நீல சோப்பு கொடுக்கலாம் என்று சொன்னேன். எங்கள் வேலியில் சங்குப்பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கொதிக்கவைத்து வடிகட்டினால் அப்படி ஒரு நீலம்! ஆறவிட்டு அதிலேயே காஸ்டிக்கைக் கரைத்தேன். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, அப்புறம் பழுப்பு. காய்ந்தால் நீலம் திரும்பும் என்று நம்பி அச்சில் ஊற்றிவிட்டேன். நாலு வாரம் கழித்துப் பார்த்தால் ஐம்பது கட்டியும் கோரைப்பாய் நிறம். "ஏன்டி, நீலம்னுதானே சொன்னே?" என்றாள் அக்கா. அவள் மகள் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "சந்தனக் கலர் சித்தி, இதுதான் வளைகாப்புக்குப் பொருத்தம்" என்று சொல்லி அத்தனையையும் தாம்பூலப் பையில் போட்டுவிட்டாள். அந்தப் பிள்ளையை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது.

சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். புளிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, காரம் மறுபக்கம் இழுக்கிறது. செம்பருத்தியும் பீட்ரூட்டும் இப்படியேதான், சிவப்பு நிற்காது. மறுபடி சொல்கிறேன், பூவில் பார்க்கிற நிறத்தை நம்பிச் சோப்பில் இறங்காதீர்கள்.

நீலம் வேண்டுமா, அவுரி இருக்கிறது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஒரு சிட்டிகையை எண்ணெயில் குழைத்தால் போதும். அதிகமானால் நுரையும் நீலம், துண்டும் நீலம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெம்பாளம்பட்டை, தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சிவப்பாக்குமே, அந்த எண்ணெயில் சோப்பு செய்தால் ஊதா வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. மஞ்சளோ, காரம் பட்டதும் சிவந்து, கட்டி காயக் காயப் பொன்னிறத்துக்குத் திரும்பும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வெட்டிவேர், வாசனை பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. ஒன்று மட்டும்: வெட்டிய கட்டிகளைக் காற்றோட்டமான நிழலில் 4 முதல் 6 வாரம் காயவிடுங்கள். மஞ்சள் சோப்பை ஜன்னலோரம் வைக்காதீர்கள், வெயிலில் வெளுத்துவிடும். வணக்கம்.