ஆர்எக்ஸ் 100 எஞ்சின்: உயர் ஆர்பிஎம்மில் சக்தியைக் கூட்டுவது எப்படி?

[காட்சி: பட்டறை மேசையில் கழற்றி வைக்கப்பட்ட சிலிண்டர்]

வணக்கம். யமஹா ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது 50 மில்லிமீட்டர் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்த நிலையில் இது 7,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,500 சுற்றுகளில், 11 குதிரைசக்தி தருகிறது. அந்த வேகத்தில் கிடைக்கும் முறுக்குவிசை 9,000 ஆர்பிஎம்மிலும் குறையாமல் இருந்தால், சக்தி 13 குதிரைசக்தியைத் தாண்டிவிடும். அது குறைந்துபோவதற்கு முதன்மையான காரணம், சிலிண்டருக்கு மூச்சுவிட நேரம் போதாமையே.

7,500 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லிவினாடி ஆகிறது. சிலிண்டர் சுவரிலுள்ள வெளியேற்றத் துளையான எக்ஸாஸ்ட் போர்ட் அந்தச் சுற்றில் 180 டிகிரி திறந்திருப்பதாகக் கொண்டால், எரிந்த வாயு வெளியேறக் கிடைப்பது 4 மில்லிவினாடி. 10,000 ஆர்பிஎம்மில் அதுவும் 3 ஆகச் சுருங்கிவிடுகிறது.

[காட்சி: எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு, அருகில்]

ஆகவேதான் இந்த மேல் விளிம்பை அரைத்து உயர்த்துகிறார்கள். இந்த ஸ்ட்ரோக்கில் ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், போர்ட் திறந்திருக்கும் காலம் மொத்தத்தில் 4 முதல் 5 டிகிரி வரை கூடும். எனவே அரை மில்லிமீட்டர் அரைப்பதற்குக்கூட டிகிரி வீல் (கிராங்க் சுழலும் கோணத்தைக் காட்டும் வட்டு) வைத்து அளந்த பிறகே கருவியைக் கையில் எடுக்க வேண்டும். அரைத்த விளிம்பில் கூர்மை சிறிதும் இருக்கக் கூடாது. சுற்றிலும் சரிவு கொடுத்து மழுக்காவிட்டால், போர்ட்டுக்குள் லேசாகப் பிதுங்கும் பிஸ்டன் ரிங் அந்த விளிம்பில் மாட்டி உடைந்துவிடும்.

போர்ட்டை மட்டும் உயர்த்தி, பழைய சைலன்சரையே மாட்டி ஓட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினின் ஓர் உறுப்பு. இதற்கென வடிவமைத்த விரிவறைச் சைலன்சரில், போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரிந்து செல்லும் கூம்பில் உறிஞ்சலை உண்டாக்கி எரிந்த வாயுவை இழுக்கிறது. பின்னர் குறுகும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவிய புதுக் கலவையைப் போர்ட் மூடுவதற்குச் சற்று முன்னர் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் பந்தய அணியில் வால்டர் காடன் இந்த உத்தியைச் செம்மைப்படுத்தினார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் சுமார் 25 குதிரைசக்தி தந்தது. அதே ஆண்டு அந்த அணியின் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர, அந்த அறிவு ஜப்பானை எட்டியது.

[காட்சி: விரிவறைச் சைலன்சரின் குறுக்குவெட்டுப் படம்]

சூடான வாயுவில் அலை வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் செல்கிறது. 10,000 ஆர்பிஎம்மில் போர்ட் திறந்திருக்கும் 3 மில்லிவினாடியில் அது கடக்கும் தூரம் ஒன்றரை மீட்டர். போய் வரும் தூரம் அது என்பதால், பிஸ்டன் முகத்திலிருந்து அலை திரும்பும் இடம் வரை 75 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 7,500 ஆர்பிஎம்முக்கு இதே கணக்கு ஒரு மீட்டர் என வரும். எந்த ஆர்பிஎம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்பச் சைலன்சரின் நீளத்தையும் போர்ட் உயரத்தையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

போர்ட் உயர்ந்தால் உண்மையான கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அழுத்தும் அளவு) குறையும். சிலிண்டரின் மூடியான ஹெட்டை லேத்தில் சிறிதளவு சீவி அதை ஈடுகட்டலாம். கார்புரேட்டரில் முதலில் பெரிய மெயின் ஜெட்டை (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டு, முழு த்ராட்டிலில் ஓட்டி, அதே நிலையில் எஞ்சினை அணைத்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு. சிறிய ஜெட்டில் தொடங்கினால் பெட்ரோல் போதாமல் சூடு ஏறி, பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

[காட்சி: கிராங்க், கனெக்டிங் ராட்]

7,500-இலிருந்து 10,000-க்குப் போகும்போது பிஸ்டனும் கனெக்டிங் ராடும் தாங்க வேண்டிய நிலைம விசை சுமார் 1.8 மடங்காகிறது. தேய்ந்த பேரிங்கோடு இந்த வேலையில் இறங்கவே கூடாது.

ஆர்எக்ஸ் 100-க்கு 10,000 ஆர்பிஎம் இலக்கு வேண்டாம் என்பது என் கருத்து. இதில் இருப்பவை 4 கியர்கள் மட்டுமே. சைலன்சரை மிக உயர்ந்த வேகத்துக்கு வெட்டினால் சக்தி தரும் பரப்பு குறுகிவிடும், கியர் மாற்றியதும் எஞ்சின் அதற்குக் கீழே விழுந்து தடுமாறும். 9,000-ஐ இலக்காக வைத்து, பின் ஸ்ப்ராக்கெட்டில் ஓரிரு பற்கள் கூட்டினால், ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் விரைவாக அந்தப் பரப்பை எட்டும். இத்தகைய சைலன்சரைச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.