செட்டிநாட்டு மெஸ்ஸுக்குப் போகுமுன்

(காட்சி: காரைக்குடியில் ஒரு சிறிய மெஸ், வாசலில் சுற்றுலா வேன்)

ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்ப்பதையும் கானாடுகாத்தானின் பெரிய வீடுகளையும் பார்த்துவிட்டு, பகல் இரண்டு மணிக்குப் பதினைந்து பேர் முன்னறிவிப்பின்றி ஒரு சிறிய மெஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கறி தீரும் நேரம் அது. புதிதாகச் சமைக்கவும் முடியாது, வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் மனம் வராது.

(காட்சி: சமையற்கட்டு, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ வறுபடுகின்றன)

இத்தகைய உணவகங்களில் எத்தனை பேர் வருவார்கள் என்று காலையிலேயே கணித்து, அதற்கேற்பக் கறி வாங்கி, மசாலாவை வறுத்து அரைத்து உலை வைக்கிறார்கள். கணக்கு மிஞ்சினால் அன்றைய இலாபம் வீணாகும் சோற்றோடு போய்விடும். குறைந்தால் வழக்கமாக வருபவருக்கே சாப்பாடு கிடைக்காது. எனவே, வாடிக்கையாளர் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தக் கணக்கைக் குலைக்காதிருப்பதே. கூட்டமாகப் போவதாயின் காலையிலேயே தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். வர இயலாவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். முகூர்த்த நாட்களிலும், பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி விழா நடக்கும் நாட்களிலும் இது இன்னும் அவசியம். கவுனி அரிசியை இரவே ஊறவைக்க வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் ஊறி அரைபட வேண்டும். கேட்ட மாத்திரத்தில் இவை வருவதில்லை என்று கோபப்படுவதில் நியாயமில்லை.

(காட்சி: இலையில் பரிமாறும் கை)

இலையில் விழுந்த சோறு மறுபடி பாத்திரத்துக்குத் திரும்பாது. பரிமாறுபவர் கரண்டியைச் சாய்க்கும் முன்பே "பாதி போதும்" என்று சொல்லிவிட்டால், அந்தப் பாதி இன்னொருவர் இலைக்குப் போகும். "அளவில்லாச் சாப்பாடு" என்ற பலகை, கேட்டு வாங்கி வைத்துவிட்டுப் போவதற்கான உரிமைச் சீட்டு அன்று.

குழம்பில் உப்புக் கூடியிருந்தால் அப்போதே, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அடுத்த பந்திக்குள் சரிசெய்ய வழியுண்டு. சாப்பிட்டு முடித்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், இரவில் கைப்பேசியில் ஒற்றை நட்சத்திரம் போடுவதால் அந்தக் குழம்பு திருந்தப் போவதில்லை. பின்னால் ஆட்கள் காத்து நிற்கையில், கை கழுவியபின் அதே மேசையில் அரட்டையைத் தொடர்வதும் வேண்டாம்.

வீட்டுக்கு வாங்குவதாயின், செயலி வழியே கேட்பதைவிட நேரே தொலைபேசியில் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியுடன் போய் வாங்குவது நல்லது. செயலி நிறுவனத்துக்குப் போகும் தரகுத்தொகை கடைக்கே மிஞ்சும். பொட்டலச் செலவும் குறையும்.

(காட்சி: பில்)

பரிவு காட்டுவது என்றால் கேட்ட பணத்தையெல்லாம் கொடுப்பது என்று பொருளல்ல. ஜிஎஸ்டி அரசுக்குச் சேரும் வரி. சேவைக் கட்டணம் அப்படியன்று. அதனைப் பில்லில் தானாகச் சேர்த்துக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை நீக்கச் சொல்லிப் பணிவாகக் கேட்கலாம். ஆனால், வெயிலில் இலை எடுத்து, மேசை துடைத்து, நான்கு முறை ரசம் ஊற்றியவருக்குக் கொடுக்க நினைப்பதை, பில் தட்டில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.