மூன்று தலைமுடியும் ஒரு டப்பா மண்ணும்

வணக்கம் நேயர்களே. நட்பையும் பரிசையும் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ரசிகர்கள் எழுதும் மாயாஜாலக் கதைகளில் வருகிற நட்புதான். ஃபேன்ஃபிக் என்பார்கள். பிடித்த கதை முடிந்த பிறகும் மனசு கேட்காமல், அதே ஆட்களை வைத்து நாமே ஒரு கதை எழுதிப் பார்க்கிறோமே, அதுதான். பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு வயது 52.

முதலில் நம் சிங்கப்பூரில் உங்கள் வீட்டு பாம் ஷெல்டரை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டுக்குப் பயந்து கட்டிய அறையில் நாம் என்ன வைத்திருக்கிறோம்? புதுமனை புகுவிழாவுக்கு வந்த டின்னர் செட், பிரிக்காத கண்ணாடிக் கிண்ணங்கள். அடுத்த கல்யாணத்துக்கு அதே தாளோடு வேறு வீட்டுக்குப் போய்விடும். நான் கொடுத்த குக்கர் ஒன்று மூன்று வருஷம் ஊரைச் சுற்றிவிட்டு எனக்கே திரும்பி வந்தது, பெட்டி ஓரத்தில் என் மகள் பேனாவால் கிறுக்கிய பூனையோடு!

டோல்கீன் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஹாபிட்டுகள் என்று குட்டை மனிதர்கள் வருவார்கள், அவர்களும் இப்படித்தான். உபயோகமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை என்கிற பொருளுக்கு ‘மாத்தம்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குப் பரிசு கொடுக்க வேண்டும். பில்போ என்கிற ஹாபிட் தன் 111வது பிறந்தநாளோடு ஊரை விட்டுக் கிளம்பும்போது பொருளுக்குப் பொருள் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்துவிட்டுப் போகிறார். தன் கரண்டிகளை எடுத்துக்கொண்டு போனதாக அவர் சந்தேகப்பட்ட உறவுக்கார அம்மாவுக்கு ஒரு பெட்டி வெள்ளிக் கரண்டி. பரிசாலேயே ஒரு குத்து. நம் சொந்தக்காரர்கள் என்ன, சளைத்தவர்களா?

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு கட்டம். எல்ஃப் குல அரசி கலாட்ரியல் விடைபெறுகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கிறாள். கிம்லி குள்ளர் குலம், இரண்டு குலத்துக்கும் ஆகாது. உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்கிறாள். ஒன்றும் வேண்டாம் என்றவன், வற்புறுத்திய பிறகு, உங்கள் தலைமுடியில் ஒன்று போதும் என்கிறான். மூன்று கொடுக்கிறாள். சாம் என்கிற ஹாபிட் தோட்டக்காரன், அவனுக்குத் தன் தோட்டத்து மண் ஒரு டப்பா. காசுக் கணக்கில் இரண்டும் ஒன்றுமே இல்லை. எதிரில் நிற்பவன் யார் என்று பார்த்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னொரு தடவையும் சொல்வேன்.

நமக்கு இது புதிதா என்ன? கம்பராமாயணத்தில் குகன் தேனும் மீனும் கொண்டு வருகிறான். இராமன் தவக்கோலத்தில் இருக்கிறான், சாப்பிட முடியாது. இருந்தாலும், அன்போடு கொண்டு வந்தாய் அல்லவா, நாமும் உண்டது போலத்தான் என்கிறான். (வால்மீகி கதையைக் கம்பர் தன் ஆசைக்கு எழுதியதை ஃபேன்ஃபிக் என்றால் அடிக்க வருவீர்கள். நான் சொல்லவில்லை.)

சரி, என் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஏழு பேர், டிசம்பரில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவருக்கொருவர் கதை எழுதிக் கொடுப்போம். எனக்கு வந்த சீட்டு பொங்கோலில் இருக்கும் ஒரு தாதியுடையது. சாம் ஊர் திரும்பி, அந்த மண்ணை மரக்கன்றுக்கு ஒரு சிட்டிகையாகப் போடும் நாளைப் பற்றி வேண்டும், சண்டை வேண்டாம் அக்கா என்று எழுதியிருந்தாள். நான் என்ன செய்தேன்? எனக்குச் சண்டைதான் பிடிக்கும் என்பதால் பத்துப் பக்கத்துக்கு ஒரு கோட்டை முற்றுகை எழுதி அனுப்பினேன், ஒரு மூலையில் மட்டும் சாம் நின்றுகொண்டிருப்பான். ‘நல்லா இருக்கு அக்கா’ என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் என் சீட்டு அவளுக்குப் போனது. கதையில் ஒரு குள்ளர் குலக் கிழவி, மலைக்குள்ளே பயணத்துக்கு ரொட்டி கட்டிக் கொடுக்கிறாள். இலையில் வைத்து, நாரைத் தண்ணீரில் நனைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, ‘காய்ந்தால் ஒடியும், நனைத்தால் சொன்னபடி கேட்கும்’ என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போடுகிறாள். தேக்காவில் பூக்கட்டிய எங்கள் அப்பாயியின் வார்த்தை அது. எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதை நானே மறந்துவிட்டேன், அவள் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். ரயிலில் படித்தேன். இயோ சூ காங்கில் இறங்க வேண்டியவள் ஈசூன் வரை போய்விட்டேன். பார்த்துக் கொடுப்பது என்றேனே, இதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது போல. பிசிராந்தையார் பற்றி இரண்டு பக்கம் குறிப்பு வைத்திருந்தேன், போகட்டும். ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: அடுத்தவர் படைத்த ஆட்களை வைத்து எழுதுவதால் இந்தக் கதைகளை விற்கப் போனால் வம்பு, அதனால் இந்த உலகத்தில் கொடுப்பதுதான் வழக்கம். 2003ல் தொடங்கிய யூல்டைட் என்கிற கதைப் பரிமாற்றத்தில் கிறிஸ்துமஸ் அன்று கதை கைக்கு வரும், யார் எழுதியது என்பது புத்தாண்டுக்குத்தான் தெரியும். ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்துக்கு 2019ல் அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை உலகத்தின் பெரிய விருதான ஹியூகோ விருதே கிடைத்தது. அப்புறம்... சரி, சரி, முடிக்கிறேன்.

பொங்கோல் தங்கச்சி, இன்றைக்கு உனக்கு நைட் ஷிஃப்ட் இல்லையென்றால் கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த மண் கதையை எழுதி முடித்துவிட்டேன். இரண்டே பக்கம்தான், ஒரு வாள்கூட இல்லை. ராத்திரி அனுப்புகிறேன். வணக்கம்.